மலைல புது பெர்ஃபாமன்ஸ் கார்: பெயிண்ட்ல எது தெரியுதோ அதுக்கு என்ன பண்ணனும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்ப நல்ல நல்ல வண்டி வருது. விர்டஸ் ஜிடி சாதாரணமா ஓடுது, அங்கங்க ஆக்டேவியா ஆர்எஸ், எம்340ஐ கூட கண்ணுல படுது. எஞ்சின், டயர், டியூனிங்னு மணிக்கணக்கா பேசுறோம், ஆனா பெயிண்ட்டுன்னு வந்தா கீழ கோயம்புத்தூர்லயும் சென்னைலயும் இருக்கவங்க சொல்றதை அப்படியே இங்க செய்றோம், சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. அங்க வண்டி தூசில காயுது, இங்க பாதி வருஷம் ஈரமாவே நிக்குது. தென்மேற்கு மழை முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட்டா குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை புடிச்சுக்குது, அது விட்டா பனி. வண்டி ஏற்கனவே நனைஞ்சுதானே இருக்கு, துணியை வச்சு ஒரு இழு இழுத்தா கழுவின மாதிரிதான்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. நான் பாத்த வரைக்கும் இங்க புது வண்டி பெயிண்ட் கெடுறதுக்கு முதல் காரணம் அந்த ஈரத்துணிதான், மழை வெயில் எல்லாம் அப்புறம்.

உங்க வண்டில எது தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடலாம். ஆனா அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சுடுங்க, ஏன்னா எந்த பிரச்சனையா இருந்தாலும் முதல் வேலை அதுதான்.

எதையும் சரி பண்றதுக்கு முன்னாடி

கம்பெனி பெயிண்ட்ல கீழ பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே 100லருந்து 150 மைக்ரான்தான் வரும், அதுல கிளியர் கோட் மட்டும் சுமாரா 40, 50 மைக்ரான், நம்ம தலைமுடி தடிமனை விட கம்மி. பளபளப்பு, ஆழம், யூவி தடுப்பு எல்லாமே அந்த மெல்லிசான லேயர்லதான் இருக்கு. பாலிஷ் போடறதுன்னா அதுலருந்து கொஞ்சம் சீவி எடுக்கறதுன்னு அர்த்தம், சீவினது திரும்ப வராது. அதனால பாலிஷ் கடைசி வழி, எடுத்த உடனே அங்க போகாதீங்க.

கழுவறது எப்படின்னா, வண்டி நிழல்ல, பானெட் கை வச்சா சில்லுன்னு இருக்கணும். காட் ரோடு ஏறி வந்த உடனே கழுவக்கூடாது, எஞ்சின் சூடும் பிரேக் சூடும் இறங்கட்டும், பழுக்க காஞ்ச டிஸ்க் மேல பச்சத்தண்ணி அடிச்சா டிஸ்க் கோணிக்க வாய்ப்பு உண்டு. முதல்ல வீலை முடிங்க, வீலுக்கு தனி பக்கெட், தனி பிரஷ், அதை பாடி பக்கமே கொண்டு வராதீங்க. அப்புறம் பாடிக்கு வெறும் தண்ணி, மேலருந்து கீழ, தாராளமா, முக்கியமா வீல் ஆர்ச்சுக்குள்ள, கதவுக்கு அடில இருக்கற ஸ்கர்ட்டுக்கு கீழ, பின் பம்பர்ல. நம்ம ஊர் செம்மண் பாக்க மெத்துன்னு இருக்கும், ஆனா அதுக்குள்ள இருக்கற நைசான மணலுதான் கோடு போடறது. பிரஷர் வாஷர் இருந்தா ஒரு அடிக்கு கிட்ட கொண்டு போகாதீங்க, கல்லு பட்டு பெயிண்ட் தெறிச்ச இடத்துலயும் பெயிண்ட் மேல ஒட்டற பாதுகாப்பு ஃபிலிம் (பிபிஎஃப்) ஓரத்துலயும் நேரா அடிக்காதீங்க. ஃபோம் கேன் இருந்தா ஃபோம் போட்டு நாலஞ்சு நிமிஷம் விட்டு, காயறதுக்குள்ள கழுவி விடுங்க. இதுவரைக்கும் கை பெயிண்ட்ல படவே கூடாது.

அதுக்கப்புறம்தான் ரெண்டு பக்கெட். ஒண்ணுல பிஎச் நியூட்ரல் கார் ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி, ரெண்டுக்கும் அடியில கிரிட் கார்டு, அதாவது மண்ணை கீழயே தங்க வைக்கற தட்டு, போட்டா நல்லது. மைக்ரோஃபைபர் வாஷ் கிளவுஸை ஷாம்பூல முக்கி ஒரு பேனல் தேய்ச்சதும், திரும்ப ஷாம்பூல முக்கறதுக்கு முன்னாடி வெறும் தண்ணில அலசுங்க. ரூஃப், கண்ணாடி, பானெட், கதவு மேல் பாதி, கடைசியா கதவு கீழ் பாதி, பின் பம்பர். நேர் கோட்டுல தேய்ங்க, வட்டம் போட்டு தேய்க்காதீங்க, அழுத்தவும் வேண்டாம். பாத்திரம் கழுவற லிக்விட், துணி சோப்புத்தூள் ரெண்டும் வேண்டவே வேண்டாம், போட்டிருக்கற வேக்ஸ் எல்லாத்தையும் சேர்த்து உரிச்சுட்டு போயிடும். டீசல், மண்ணெண்ணெய்ல துடைச்சா பளபளன்னு இருக்கும்னு பழைய டிரைவருங்க சொல்வாங்க, அந்த பளபளப்பு ஒரு எண்ணெய்ப் படலம்தான், அடுத்த நாளே தூசியை இழுத்து ஒட்டி வச்சுக்கும்.

ஏப்ரல் மே சீசன்ல இங்க தண்ணி கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். அப்ப ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது திரும்ப அலச வேண்டாத லிக்விட், நல்ல வழி, ஒரு பக்கெட் தண்ணில பாட்டில்ல சொன்ன அளவு கலந்து, நிறைய மைக்ரோஃபைபர் துணியை அதுல ஊற வச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு துணின்னு மாத்திக்கிட்டே போகணும். லேசான தூசிக்குதான் இது, சேறு அப்பிக்கிட்டு இருந்தா முதல்ல தண்ணி அடிச்சே ஆகணும். ஓடைல வண்டியை இறக்கி கழுவறதை தயவு செஞ்சு விட்டுடுங்க, அந்த தண்ணியை கீழ ஒரு ஊரே குடிக்குது.

வெயில்ல பாத்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடு

மூடுபனில ஒண்ணுமே தெரியாது, ரெண்டு வாரம் கழிச்சு வெயில் அடிக்கற அன்னைக்குதான் தெரியும், அதனாலயே இங்க இதை லேட்டா கண்டுபிடிக்கறோம். வெயிலுக்கு காத்திருக்க வேண்டாம், ராத்திரி ஷெட்ல மொபைல் டார்ச்சை பானெட் மேல காட்டுங்க, வெளிச்சத்தை சுத்தி வட்ட வட்டமா கோடு தெரிஞ்சா அது ஸ்வேர்ல். கருப்பு, அடர் நீலம், சிவப்புல பளிச்சுன்னு தெரியும், வெள்ளை, சில்வர்ல இருக்கும் ஆனா ஒளிஞ்சுக்கும்.

காரணம் பெரும்பாலும் காலைல பனி படிஞ்ச வண்டியை துடைக்கறது. ராத்திரி வண்டி மேல தூசி உக்காரும், அது மேல பனி இறங்கும், காலைல பாத்தா தண்ணி மட்டும்தான் கண்ணுக்கு தெரியும். அதை துணியால இழுக்கும்போது தூசியையும் சேர்த்து பெயிண்ட் மேல இழுக்கறோம். வீட்ல டிரைவரோ வாட்ச்மேனோ இருந்தா அவங்க பாசத்துலதான் தினம் துடைப்பாங்க, "தம்பி, அழுக்கா நிறுத்துனா பாக்க நல்லாவா இருக்கும்"னு கேப்பாங்க, கோவப்படாம டார்ச் அடிச்சு அந்த கோட்டை காட்டி, "அண்ணா, தண்ணி அடிக்காம வண்டி மேல கை வைக்க வேண்டாம், அழுக்கா இருந்தா இருக்கட்டும்"னு சொல்லிடுங்க. ஒரு தடவை கண்ணால பாத்துட்டாங்கன்னா அப்புறம் அவங்களே அடுத்தவங்களை தொட விட மாட்டாங்க. கண்ணாடியை மட்டும் வைப்பர்லயும் தனி துணிலயும் துடைச்சுட்டு கிளம்புங்க, மத்த இடத்துல இருக்கற பனி ரோட்டுல காத்துலயே போயிடும்.

சில வண்டில டெலிவரி அன்னைக்கே கோடு இருக்கும், ஷோரூம் யார்டுல ஒரே பக்கெட், ஒரே துணில நாலஞ்சு வண்டி துடைச்சா அப்படித்தான் வரும். புக் பண்ணும்போதே "டெலிவரிக்கு முன்னாடி வெளிய கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம், பிளாஸ்டிக் உறையை கூட பிரிக்க வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்"னு எழுதி குடுத்துடுங்க. வண்டியை வெளிச்சத்துல நிறுத்தி டார்ச் அடிச்சு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

சரி பண்றதுக்கு முன்னாடி ஒரு நிதானம் வேணும். முதல்ல கழுவற முறையை மாத்துங்க, மாத்தாம பாலிஷ் போட்டா மூணே மாசத்துல அதே கோடு திரும்ப வரும், கிளியர் கோட்தான் வீணா குறையும். முறை மாறினதுக்கப்புறம் டிஏ பாலிஷர்ல (சுத்திக்கிட்டே அசையற, பெயிண்டுக்கு பாதுகாப்பான மெஷின்) ஃபினிஷிங் பேட், நைசான பாலிஷ், ஓரமா ஒரு சின்ன இடத்துல போட்டு பாருங்க. அது போதும்னா அதோட நிறுத்திக்கங்க, கடுமையான காம்பவுண்டுக்கு போக வேண்டாம். கடைல குடுக்கறீங்கன்னா பெயிண்ட் தடிமன் பாக்கற மீட்டர் இருக்கான்னு கேளுங்க, எந்த மெஷின்னு கேளுங்க. ரோட்டரி மெஷினை கை பழகாதவங்க புடிச்சா ஸ்வேர்ல் போய் ஹாலோகிராம் வரும், அதாவது நீங்க நடக்க நடக்க கூடவே நகர்ற நீளமான பட்டை. இன்னொரு விஷயம், கிளேஸ் போட்டு கோட்டை மறைச்சு குடுக்கறதும் நடக்குது, ரெண்டு மூணு வாஷ்ல எல்லாம் திரும்ப தெரியும், அதனால வண்டி எடுக்கும்போது ஒரு பேனலை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணில துடைச்சு காட்டச் சொல்லுங்க.

கோட்டுல நகம் மாட்டுதுன்னா அது பாலிஷ்ல போற ஆழம் இல்ல. விட்டுடுங்க, இல்லைன்னா டச்-அப், அதாவது அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் வைக்கறது.

கழுவின பிறகும் கை வச்சா சொரசொரன்னு இருக்கு, வெள்ளை வண்டில ஆரஞ்சு கலர்ல குட்டி புள்ளி

இது ஒட்டிக்கிட்டு இருக்கற இரும்புத்துகள். பிரேக் பேட், டிஸ்க்லருந்து வர்றது சூடா பறந்து வந்து கிளியர் கோட்ல உக்காந்து, நம்ம ஈரத்துல துரு புடிச்சு ஆரஞ்சா தெரியும். பெயிண்டே துரு புடிச்சுருச்சுன்னு பதற வேண்டாம். மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 கொண்டை ஊசி, கல்லட்டில 36, இறங்கும்போது பிரேக்லயே கால் வச்சு இறங்கினா இந்த துகள் அள்ளி கொட்டும், அதுவும் பெரிய டிஸ்க், கடுமையான பேட் உள்ள வண்டில. ரெண்டாவது கியர்ல இறங்குங்கன்னு ரோட்டோரம் போர்டுல எழுதியிருக்கறது பெர்ஃபாமன்ஸ் காருக்கும் சேர்த்துதான், டிசிடி (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்னாலும் மேனுவல் மோடுல ரெண்டுல வச்சு இறங்குங்க, பெயிண்ட், வீல், பிரேக் மூணுக்கும் நல்லது.

கைவிரல் மேல மெல்லிசான பிளாஸ்டிக் உறை மாட்டி கழுவின பேனல் மேல தடவுங்க, வெறும் கைல தெரியாத பரு கூட அப்ப தெரியும். நீலகிரில கேரி பேக் தடைன்றதால, ஸ்பேர் பார்ட் சுத்தி வர்ற கவரோ மெல்லிசான கிளவுஸோ போதும். சொரசொரப்பு இருந்தா அயர்ன் ரிமூவர் அடிங்க, நிழல்ல, சில்லுன்னு இருக்கற பேனல்ல. இரும்பு இருக்கற இடமெல்லாம் ஊதா கலர்ல ஒழுகும், அழுகின முட்டை நாத்தம் வரும், அது அப்படித்தான். மூணுலருந்து அஞ்சு நிமிஷத்துல, காயறதுக்குள்ள, நிறைய தண்ணி விட்டு கழுவிடுங்க.

அதுக்கப்புறமும் சொரசொரன்னு இருந்தா மட்டும் கிளே பார் (ஒட்டின துகளை இழுத்து எடுக்கற களிமண் மாதிரி கட்டி), லூப்ரிகண்ட் நல்லா அடிச்சு, எடையே இல்லாம. கிளே கீழ விழுந்தா தூக்கி போட்டுடுங்க, துடைச்சுட்டு திரும்ப யூஸ் பண்ண கூடாது. கிளே போட்டா மெல்லிய கோடு விழ வாய்ப்பு உண்டு, அதனால பாலிஷ் போடற அன்னைக்கு முன்னாடி வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம், மாசா மாசம் பண்ற வேலை இல்ல.

வெள்ளையா வட்ட வட்டமா தண்ணிக் கறை

முதல்ல எந்த தண்ணின்னு பாருங்க. பார்சன்ஸ் வேலி, ரேலியா டேம் மாதிரி மழை புடிச்சு வச்ச தண்ணில உப்பு கம்மி, மழையும் அப்படித்தான். போர் தண்ணிலயும் டேங்கர் தண்ணிலயும்தான் கால்சியம், மக்னீசியம் வரும். இங்க இன்னொரு வில்லங்கம், மூடுபனி சொட்டு ராத்திரி முழுக்க பானெட் மேல நின்னு பழைய தூசியை கரைச்சு வச்சுக்கும், பத்து மணிக்கு மேகம் விலகி மலை வெயில் சுள்ளுன்னு அடிக்கும்போது சொட்டு காஞ்சு தூசி மட்டும் வட்டமா நிக்கும். செராமிக் கோட்டிங் போட்ட வண்டில சொட்டு உருண்டையா நிக்கறதால இது இன்னும் தெளிவா தெரியும், கோட்டிங் மோசம்னு அர்த்தம் இல்ல.

தூசி வட்டம்னா சாதாரண வாஷ்லயே போயிடும். போகலைன்னா வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணியும் சரி பாதி கலந்து, துணில நனைச்சு அந்த இடத்துல ஒரு நிமிஷம் வச்சு, தேய்க்காம எடுத்து, நிறைய தண்ணி விடுங்க. உப்புக் கறை அதுல கரையும். அதுக்கும் போகாம வட்டம் அச்சா நின்னா கிளியர் கோட்டை லேசா அரிச்சிருச்சு, பாலிஷ்தான். போர் தண்ணில கழுவறவங்க கடைசியா அலச மட்டும் மழைத்தண்ணி புடிச்சு வச்சுக்கங்க, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்! நல்ல தடிமனான டிரையிங் டவலை விரிச்சு வச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. மிரர், ஹேண்டில், பெட்ரோல் மூடி, நம்பர் பிளேட் பின்னாடி தேங்கற தண்ணி அரை மணி நேரம் கழிச்சு ஒழுகும், அதுக்கு ஒரு சின்ன துணி தனியா. டவலை துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க, நார் அடைச்சுக்கிட்டு தண்ணியை உறிஞ்சாது.

பறவை எச்சம், அதுக்கு கீழ மங்கலா ஒரு அச்சு

இதுக்கு மட்டும் வாஷ் டே வரைக்கும் காத்திருக்க கூடாது. எச்சத்துல யூரிக் ஆசிட் இருக்கு, வெயில் சூட்டுல கிளியர் கோட் இளகி விரியும்போது அதுக்குள்ள புடிச்சுக்கும், ஆறினதும் அச்சு அப்படியே நின்னுடும். டிக்கில ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணியும் ரெண்டு சுத்தமான மைக்ரோஃபைபரும் எப்பவும் இருக்கட்டும். நல்லா நனைச்ச துணியை அது மேல போட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஊற விட்டு, அப்படியே தூக்குங்க. காஞ்சு போனதை சுரண்டாதீங்க, அதுல விதை, மணல் எல்லாம் இருக்கும்.

அச்சு லேசா இருந்தா நாலஞ்சு நாள் வெயில்ல நின்னதும் தானா குறையறதும் உண்டு, கொஞ்சம் பொறுத்து பாத்துட்டு பாலிஷ் பத்தி யோசிங்க.

பிசின், இலைக்கறை, பூக்கறை

பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் மரத்தடில நிறுத்திட்டு நிழல் கிடைச்சுதுன்னு சந்தோஷப்படுவோம், சாயங்காலம் பாத்தா பானெட்ல பிசின் சொட்டு. புதுசா இருந்தா வெதுவெதுப்பான ஷாம்பூ தண்ணிலயே போயிடும். காஞ்சு கண்ணாடியாட்டம் ஆயிருச்சுன்னா மெடிக்கல்ல கிடைக்கற ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பஞ்சுல நனைச்சு மேல வச்சு இளக விட்டு எடுங்க, அவசரத்துக்கு ஹேண்ட் சானிடைசர் ஜெல் கூட வேலை செய்யும். எடுத்ததும் அந்த இடத்தை கழுவி, வேக்ஸோ சீலண்டோ (வேக்ஸ் மாதிரியே காக்கற செயற்கைப் பூச்சு) திரும்ப போடுங்க, ஆல்கஹால் அதையும் கொஞ்சம் கொண்டு போயிருக்கும்.

நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கற தைலத்தை பத்தி கேப்பீங்கன்னு தெரியும். யூகலிப்டஸ் தைலம் பிசின், தார், ஸ்டிக்கர் பசை மூணையும் கரைக்கும், அது உண்மை. ஆனா அது நல்ல கரைப்பான், பெயிண்ட் மேல விட்டு வச்சா பெயிண்டையும் இளக்கும். வேற வழியே இல்லைன்னா துளியூண்டு, சில செகண்ட், உடனே ஷாம்பூ போட்டு கழுவணும். ஹெட்லைட், பிளாஸ்டிக், பிபிஎஃப் மேல படவே கூடாது. ரோடு போடற சீசன்ல கதவுக்கு கீழ ஒட்டற தார் புள்ளிக்கு தார் ரிமூவரே வாங்கிக்கங்க, பொறுமையா ஊற விட்டா துடைச்சாலே வரும்.

ஈர இலை ரெண்டு மூணு நாள் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா இலை வடிவத்துலயே பழுப்புக் கறை விழும், இலைல இருக்கற டேனின்ங்கற கறைப்பொருள் இறங்கறது. ஜக்கரண்டா பூக்கற மாசத்துல ஊதாப் பூ வண்டி மேல விழுந்து நசுங்கினாலும் கறைதான். இதை துடைப்பம் வச்சு தள்ளாதீங்க, தண்ணி அடிச்சோ கையால ஒண்ணொண்ணா எடுத்தோ தள்ளிட்டு கழுவுங்க. வைப்பருக்கு கீழ, பானெட் இடுக்குல சேர்ற இலையையும் எடுத்துடுங்க, அங்க தண்ணி வடியற ஓட்டை அடைச்சா கேபினுக்குள்ளயே தண்ணி வரும்.

கவர் போட்டு வச்சும் பெயிண்ட் மங்கலா இருக்கு

கவர் போட்டதாலதான். அழுக்கு வண்டி மேல கவர் போட்டா காத்துல கவர் அசைய அசைய உள்ள இருக்கற மண்ணு தேய்க்கும், ஊட்டி காத்து ராத்திரில எப்படி அடிக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. ஈர வண்டி மேல போட்டா ஈரம் உள்ளயே தங்கி பெயிண்ட்ல பால் படிஞ்ச மாதிரி மங்கல் வரும், ரப்பர்ல பூஞ்சை வரும். லேசான மங்கல்னா கவரை எடுத்துட்டு ரெண்டு மூணு நாள் காத்தாட விடுங்க, ஈரம் வெளிய போனதும் பெரும்பாலும் தெளிஞ்சுடும். மேல கூரை இருந்து பக்கம் திறந்திருக்கற ஷெட் கவரை விட நூறு மடங்கு மேல். ஷெட்டே இல்லைன்னா கவர் இல்லாம நிக்கட்டும், நல்ல சீலண்ட் போட்டு விடுங்க.

காலைல பானெட் மேல உறைபனி

டிசம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் இருக்கவங்களுக்கு. சுரண்டாதீங்க, சுடுதண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விடும். எஞ்சின் போட்டு டிஃபாகர் ஓட விடுங்க, கண்ணாடி தெளிஞ்சா போதும், பாடில இருக்கறது வெயில் வந்தா தானா இறங்கும். பனி மேல விரலால பேர் எழுதற பசங்களை மட்டும் அன்பா தடுத்துடுங்க, அந்த பேர் வெயில்ல கோடா தெரியும்.

தண்ணி முன்ன மாதிரி உருண்டையா நிக்கல, அப்படியே படுத்துக்குது

வேக்ஸோ கோட்டிங்கோ போயிருச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. பாதி நேரம் கோட்டிங் இருக்கும், அது மேல அழுக்குப் படலம் மூடியிருக்கும். நல்லா ஒரு வாஷ், ஒரு அயர்ன் ரிமூவர், அப்புறம் வெறும் தண்ணி அடிச்சு பாருங்க. உருண்டை திரும்ப வந்தா அடைப்புதான், கதவு கீழ் பகுதில இது ரொம்ப சகஜம். வரலைன்னா பாதுகாப்பு தேஞ்சிருச்சு, திரும்ப போடணும்.

எதை போடறதுன்னு கேட்டா என் கருத்து இதுதான். கார்னூபா வேக்ஸ் அழகு, ஆனா நம்ம மழைல ஒண்ணு ரெண்டு மாசம் தாங்கினாலே பெருசு. சிந்தெட்டிக் சீலண்ட் சில மாசம் நிக்கும், வீட்லயே போடலாம், விலையும் கம்மி, இங்க பெரும்பாலானவங்களுக்கு இதுவே போதும். செராமிக் வருஷக் கணக்குல நிக்கும், கழுவறதை சுலபமாக்கும், எச்சம், பிசினுக்கு கொஞ்சம் அவகாசம் குடுக்கும், ஆனா கல்லு பட்டா தாங்காது, தப்பா துடைச்சா கோடும் விழும். ஷோரூம்ல டெஃப்லான் கோட்டிங்னு கூடுதலா கட்டச் சொல்ற காசுக்கு நல்ல ஷாம்பூ, கிளவுஸ், டவல், சீலண்ட் எல்லாமே வாங்கிடலாம். மேட் பெயிண்ட்டுன்னா, அதாவது பளபளப்பு இல்லாததுன்னா, கதையே வேற, பாலிஷ், கிளேஸ், சாதாரண வேக்ஸ் எதுவும் கிட்ட வரக்கூடாது, மேட்டுக்குன்னே விக்கறதை மட்டும் போடணும்.

மூடுபனிதானே, வெயிலே இல்லையேன்னு பாதுகாப்பை தள்ளிப் போடறவங்க ஒண்ணு கவனிங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா யூவி சுமாரா 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு. குளிர்ல தோலுக்கு சுடாதது பெயிண்டுக்கு சுட்டுக்கிட்டுதான் இருக்கும்.

புது வண்டிக்கு மூணு மாசம் எதுவும் போடக்கூடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. கம்பெனில பெயிண்டை 140 டிகிரி கிட்ட சூட்ல சுட்டுத்தான் அனுப்பறாங்க, அது முழுசா காஞ்சு வந்தது, முதல் வாரமே சீலண்ட் போடலாம். காத்திருக்க வேண்டியது வெளிய பெயிண்ட் அடிச்ச பேனலுக்கு, அதுக்குள்ள இருக்கற சால்வெண்ட் வெளியேறணும், 30லருந்து 90 நாள்னு பெயிண்டரே சொல்வார், நம்ம குளிருக்கு அதிகபட்ச நாளையே எடுத்துக்கங்க.

கோட்டிங் போட்ட மறுநாள் திட்டுத் திட்டா கருப்பா தெரியுது

ஹை ஸ்பாட். போட்டதை சரியான நேரத்துல துடைச்சு சமன் பண்ணல. பாட்டில்ல எழுதியிருக்கற நேரம் இருபது டிகிரிக்கு மேல இருக்கற ரூமுக்கு, நம்ம ஷெட்ல பத்து பன்னண்டு டிகிரில கோட்டிங் மெதுவாதான் செட் ஆகும், ஈரக்காத்து அதையும் குழப்பும். கடிகாரத்தை நம்பாம பெயிண்டை பாருங்க, வானவில் கலர் ஓடி அடங்கும்போது துடைக்கணும். திட்டு வந்தது சில மணி நேரத்துக்குள்ளன்னா அதே கோட்டிங்கை அது மேல லேசா தடவி உடனே துடைச்சா சமனாகும். ஒரு நாள் தாண்டிட்டா அந்த இடத்தை மட்டும் நைஸ் பாலிஷ் போட்டு எடுத்து திரும்ப போடணும். மார்ச் மாதிரி காஞ்ச மாசத்துல, மூடின ஷெட்ல பண்ணுங்க, முதல் நாள் தண்ணியே படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ வேண்டாம். ஜூலைல ஷெட் இல்லாம இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

முன் பம்பர், பானெட் ஓரம், பின் வீலுக்கு முன்னாடி குட்டி குட்டி பள்ளம்

கல்லு. அகலமான, ஒட்டற ரகம் டயர் ரோட்டுல கிடக்கற ஜல்லியை வாரி பின்னாடி அடிக்கும், மழைல மண் சரிஞ்ச இடத்துல இன்னும் அதிகம். இதை நிஜமா தடுக்கறது பிபிஎஃப் ஒண்ணுதான், 150லருந்து 200 மைக்ரான் தடிமன் உள்ள ஃபிலிம். முழு வண்டிக்கும் வேண்டாம், பம்பர், பானெட், மிரர், ஸ்கர்ட், பின் வீல் ஆர்ச்சுக்கு முன்னாடி, இவ்வளவு போதும். தானா கோடு மறையற ஃபிலிம்னு சொல்வாங்க, அது சூட்ல மறையறது, நம்ம குளிர்ல மெதுவாதான் மறையும், வெதுவெதுன்னு தண்ணி ஊத்தினா சீக்கிரம் சரியாகும்.

ஏற்கனவே தெறிச்ச இடத்துல சாம்பல் கலரோ வெள்ளையோ தெரிஞ்சா பிரைமர், அவசரம் இல்ல. தகடு தெரிஞ்சா அந்த வாரமே டச்-அப் பண்ணுங்க, இங்க துரு வேகமா புடிக்கும். உங்க வண்டி கலரோட கோட் நம்பர் வண்டில ஒட்டியிருக்கற பிளேட்லயே இருக்கும். சுத்தம் பண்ணி, ஆல்கஹால்ல துடைச்சு, டூத்பிக் முனைல தொட்டு பள்ளத்துக்குள்ள மட்டும் வைங்க, ஒரே தடவைல ரொப்பாம ரெண்டு மூணு லேயர், நடுவுல நல்லா காய விட்டு.

வீல் கருப்பு போகல, டிஸ்க்ல துரு

வீலுக்கும் அதே அயர்ன் ரிமூவர்தான், ஆசிட் கிளீனர் வேண்டாம், வீல் மேலயும் கிளியர் கோட் இருக்கு. கழுவின மறுநாள் டிஸ்க் மேல தெரியற ஆரஞ்சு துரு ஒண்ணும் பண்ணாது, ரெண்டு தடவை பிரேக் அடிச்சா போயிடும். கழுவி முடிச்சதும் அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு வாரக்கணக்குல நிறுத்தாதீங்க, பேட் டிஸ்க்கோட ஒட்டிக்கும், ஒரு சின்ன ரவுண்டு ஓட்டி பிரேக்கை காய வச்சுட்டு நிறுத்துங்க.

குரங்கு ஏறின தடம்

சேத்துக் கால் தடத்தை துடைக்காதீங்க, தண்ணி மட்டும். நகக்கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்லயே நின்னுடும், நகம் மாட்டற சோதனை பண்ணிட்டு மேல சொன்ன மாதிரி பாருங்க. பர்லியார் பக்கம் நிறுத்தி சாப்பிடும்போது வண்டிக்குள்ள பழம், சிப்ஸ் வெளிய தெரியற மாதிரி வைக்காதீங்க, மிரரை மடக்கிடுங்க.

கண்ணாடி ரப்பர் ஓரம் பச்சையா பாசி

வடக்கு பாத்து வெயில் படாம நிக்கற வண்டில வரும். பழைய மெத்துன்னு இருக்கற டூத்பிரஷ்ல ஷாம்பூ தண்ணி தொட்டு ரப்பர் நீளத்துக்கு மட்டும் தேய்ங்க, பிரஷ் பெயிண்ட் மேல ஏறக்கூடாது. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், ரப்பர் வெளுத்துடும். காஞ்சதும் சிலிகான் ரப்பர் டிரெஸ்ஸிங் மெல்லிசா தடவுங்க, மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை. வண்டியை வாரம் ஒரு தடவையாவது திசை மாத்தி நிறுத்தினா அடுத்த பக்கத்துக்கும் வெயில் படும்.